கார்ல் பியர்சனும் சூதாட்டச் சக்கரமும்

பாண்டவர் சூதில் தோற்ற கதையைப் பாட்டியார் சொல்லக் கேட்ட நாள்முதல் என் நெஞ்சில் ஓர் ஐயம் உண்டு. தருமர் தோற்றது சகுனியின் வஞ்சத்தாலா, அல்லது அவருடைய கெட்ட வேளையாலா? வஞ்சம் என்றே கதை கூறுகிறது. ஆயினும் அவையில் அத்தனை பெரியோர் இருந்தும், விழுந்த எண்களைக் குறித்து வைத்துக் கணக்குப் பார்த்தவர் ஒருவருமில்லை.

2024ஆம் ஆண்டில் அதே ஐயம் எங்கள் விடுதி அறைக்கே வந்து சேர்ந்தது. என் அறைத் தோழர் கைபேசியில் பணம் கட்டி ஆடும் ஸ்லாட் ஆட்டத்தில் ஆறு வாரங்களுக்குள் 14,000 ரூபாயை இழந்துவிட்டார். சாப்பாட்டுச் செலவுக்கென்று வீட்டார் அனுப்பிய பணம் அது. இயந்திரம் ஏமாற்றியதா, தம் அதிர்ஷ்டம்தான் கெட்டதா என்று புள்ளியியல் படிக்கும் நான் தீர்ப்புக் கூறவேண்டும் என்று வந்து நின்றார். ஏமாற்று என்று நான் சொன்னால் வழக்குத் தொடரலாம். அதிர்ஷ்டம் என்றால் மீண்டும் ஆடி விட்டதைப் பிடிக்கலாம். இதுவே அவர் எண்ணம். விடை தேடப் புகுந்தபோதுதான், பாடநூலில் வெறும் பெயராக நான் அறிந்திருந்த கார்ல் பியர்சனின் வாழ்க்கையை முழுமையாகப் படித்தேன்.

பியர்சன் 1857ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று 1879இல் மூன்றாம் இடத்தில் தேறினார். கல்லூரியில் சமய வகுப்புக் கட்டாயம் என்றபோது அதை எதிர்த்துப் போராடி விலக்குப் பெற்றார். விலக்குப் பெற்ற பின்னர்த் தாமாகவே தேவாலயத்துக்குச் சென்று அமர்ந்தார்! அவர் வெறுத்தது வழிபாட்டை அன்று, கட்டாயத்தையே. பிறகு ஜெர்மனியில் பயின்றார், சட்டமும் படித்தார், 1884இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார்.

1891 முதல் கிரெஷாம் கல்லூரியில் பொதுமக்களுக்காகச் சொற்பொழிவுகள் ஆற்றினார். நிகழ்தகவை விளக்க வெறும் சொல் போதாது என்பது அவர் கொள்கை. ஆகவே நாணயத்தை 24,000 முறை சுண்டிக் கணக்கெடுத்தார். 12,012 முறை தலை விழுந்தது. அடுத்து அவர் பார்வை மாண்டி கார்லோவின் ரூலெட் சக்கரத்தின் மீது சென்றது. அங்கு விழுந்த எண்களை ஒரு செய்தித்தாள் தொடர்ந்து வெளியிட்டு வந்தது. அதை வாங்கி, சூதாடியின் ஆசையோடன்றி அறிவியலாளனின் பொறுமையோடு ஆராய்ந்தார்.

சிவப்பும் கறுப்பும் மொத்தத்தில் ஏறக்குறையச் சமமாகவே இருந்தன. மேலோட்டமாகப் பார்ப்பவர் அத்துடன் நின்றிருப்பர். பியர்சனோ ஒரு நிறம் எத்தனை முறை தொடர்ந்து வந்தது என்று எண்ணினார். ஒரு நிறம் ஒரே முறை வந்து உடனே மாறிவிடுவது, எல்லாத் தொடர்களிலும் பாதியாக இருக்கவேண்டும். அவர் எண்ணிய 4,274 தொடர்களில் அது 2,137 இருக்கவேண்டிய இடத்தில் 2,462 இருந்தது. இத்தகைய விலகல் தற்செயலாக நேர வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். 1894இல் இதைக் கட்டுரையாக எழுதிய அவர், சூதாட்ட விடுதியை மூடி அதன் செல்வத்தைக் கொண்டு நிகழ்தகவு ஆராய்ச்சிக்கூடம் அமைக்கலாம் என்று நகைச்சுவையாகப் பரிந்துரைத்தார்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. சக்கரத்தின் அருகே நின்று எண்களைக் குறிக்கச் சோம்பிய நிருபர்கள், உட்கார்ந்த இடத்தில் கற்பனையாக எழுதிவிட்டார்கள் என்று பின்னாளில் சிலர் கூறினர். அது நம்பக்கூடியதே. தற்செயலைப் போலிசெய்ய முயலும் மனிதன் நிறத்தை அளவுக்கு மிஞ்சி மாற்றி மாற்றி எழுதுவான். அவ்வாறாயின் பொய் சொன்னது சக்கரமன்று, பதிவேடே.

நண்பர் வெல்டன் கொடுத்த பகடைக் கணக்கு இன்னும் சுவையானது. பன்னிரண்டு பகடைகளை 26,306 முறை உருட்டியதில் ஐந்தும் ஆறும் 1,05,224 முறை விழவேண்டும். விழுந்ததோ 1,06,602 முறை. அங்கே வஞ்சகர் எவருமில்லை. புள்ளிகளுக்காகக் குடைந்த குழிகளால் அந்தப் பக்கங்கள் எடை குறைந்ததே காரணம் எனக் கருதப்படுகிறது. ஆக, கருவி கோணலாக இருப்பது வேறு; ஒருவன் ஏமாற்றுவது வேறு.

எதிர்பார்த்த எண்ணுக்கும் கண்ட எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு தற்செயலுக்கு உரியது என்று அளக்க ஒரு பொது அளவுகோல் வேண்டும் அல்லவா? 1900ஆம் ஆண்டில் பியர்சன் அதை உலகுக்கு அளித்தார். அதுவே கை-வர்க்கச் சோதனை. மறு ஆண்டில் வெல்டன், கால்டன் ஆகியோருடன் பயோமெட்ரிக்கா என்னும் ஆய்விதழைத் தொடங்கினார். அவ்விதழின் தொகுதிகளைக் கேம்பிரிட்ஜிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர் மகலனோபிஸ். 1931இல் இந்நகரில் இந்தியப் புள்ளியியல் கழகம் தோன்றியது அந்த ஆர்வத்தின் விளைவே.

இனிக் கசப்பான செய்தியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சக்கரத்துக்கு அத்தனை பொறுமையாக நீதி வழங்கிய பியர்சன் மனிதருக்கு அதை வழங்கவில்லை. இன மேம்பாடு என்ற கொள்கையில் ஊறிய அவர், லண்டனுக்குக் குடியேறிய யூதர்களின் குழந்தைகளை அளந்து, அவர்கள் உடலாலும் அறிவாலும் தாழ்ந்தவர்கள் என்று 1925இல் எழுதினார். வறுமையும் புதிய மொழியும் அவர் கணக்கில் உரிய இடம் பெறவில்லை. பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த தமிழ்க் குடும்பத்தின் பிள்ளையாகிய எனக்கு அப்பகுதியைப் படிக்கையில் மனம் வலித்தது. 1936இல் அவர் மறைந்தார்; 2020இல் அவருடைய கல்லூரியே ஒரு கட்டடத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது.

அறைத் தோழருக்கு என்ன சொன்னேன்? தீர்ப்புக் கூற இயலாது என்றேன். ரூலெட்டில் 37 குழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. எதிர்பார்க்கும் எண்ணை நாமே கணிக்கலாம். அவர் ஆடிய ஆட்டத்திலோ எந்தச் சின்னம் எவ்வளவு அரிது என்று ஆட்டக்காரர் அறிய வழியில்லை. எதிர்பார்ப்பை அறியாமல் எதனோடு ஒப்பிடுவது? மேலும், அவர் குறிப்பேட்டில் இருந்தவை தோற்ற பின்பு கோபத்தில் எழுதிய எண்களே. வென்ற நாட்களின் பதிவே இல்லை. அது மாண்டி கார்லோ நிருபர்களின் பதிவேட்டுக்குத் தம்பி!

பின்னர் இன்னொன்றும் சொன்னேன். சக்கரம் முழு நேர்மையாகச் சுழன்றாலும், ஓர் எண்ணில் கட்டுபவருக்கு 37இல் ஒரு வாய்ப்பு. வென்றால் கிடைப்பதோ 35 மடங்கு இலாபமே. சராசரியாகக் கட்டிய பணத்தில் 37இல் ஒரு பங்கு விடுதிக்குப் போய்க்கொண்டே இருக்கும். மீண்டும் மீண்டும் கட்டினால் அந்தச் சிறு பங்கே கைம்முதலை விழுங்கிவிடும். ஸ்லாட் ஆட்டமும் நடத்துபவருக்கு ஒரு பங்கு நிற்கும்படி அமைந்ததே. ஆகவே நேர்மையான இயந்திரமும் அவரைத் தோற்கடித்திருக்கும். அவர் கேட்ட கேள்விக்கு எந்த விடை வந்தாலும், விட்டதைப் பிடிக்க மீண்டும் ஆடுவதற்கு அதில் இடமில்லை.

அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் தந்தையாருக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னார். 2025இல் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஆனால் அவரைத் தடுத்தது சட்டமன்று. அதற்கு முன்னரே அந்த ஆட்டத்தைக் கைபேசியிலிருந்து அவரே நீக்கிவிட்டார்.

தோழர்களே, நம்முள் எவரேனும் அவ்வாறு தோற்று வந்து நின்றால், சிரிக்காமல் அருகில் அமர்ந்து கணக்குப் போட்டுக் காட்டுவோம். பியர்சன் தந்த அளவுகோலை, அவர் தவறிய இடத்தில், மனிதர் பக்கம் நின்று பயன்படுத்துவோம்.