மரியான் டானிஷ்: தகட்டில் கண்ட புதிய அணுக்கரு

போலந்து நாட்டு இயற்பியலறிஞர் மரியான் டானிஷ், 1909ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் மேரி கியூரி அம்மையாரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1914இல் மூண்ட முதல் உலகப்போரில் களத்திலேயே உயிர்துறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்த டானிஷ், அவர் சென்ற அறிவியல் நெறியிலேயே தாமும் சென்றார்.

இரண்டாம் உலகப்போர் வார்சா நகரை இடிபாடாக்கியது. செல்வ நாடுகள் பெரும்பொருள் செலவிட்டுத் துகள்முடுக்கிகளை அமைத்தன; வார்சாவில் அதற்கு வழியில்லை. ஆயினும், விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்கள் எந்நாட்டார்க்கும் பொதுவன்றோ? பலூன் வழியே 25 கிலோமீட்டருக்கும் மேலே அனுப்பப்பட்ட ஒளிப்படத் தகடுகளில் அக்கதிர்களின் சுவடுகள் பதிந்திருந்தன. டானிஷும் அவர்தம் நண்பர் பினியேவ்ஸ்கியும் அவற்றை நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர்.

1952ஆம் ஆண்டு ஒரு வியத்தகு காட்சி புலப்பட்டது. அணுக்கரு ஒன்று விண்மீன் வடிவில் சிதறியிருந்தது. அதிலிருந்து புறப்பட்ட ஒரு துண்டு, சிறிது தொலைவு சென்று நின்று, மீண்டும் பேராற்றலுடன் சிதறியிருந்தது. சாதாரணத் துண்டு அவ்வளவு ஆற்றலை வெளியிடாது. தொடர்பில்லாத இரு சிதறல்கள் தற்செயலாய் அருகருகே அமைந்தனவோ என்னும் ஐயத்தையும் அவர்கள் ஆராய்ந்தனர். அதற்கு வாய்ப்பு மிக அரிது எனத் தெளிந்த பின்னரே, 1953இல் முடிவை வெளியிட்டனர்.

அணுக்கருவில் புரோட்டானும் நியூட்ரானும் மட்டுமே உண்டு என அதுவரை உலகம் அறிந்திருந்தது. அத்துண்டிலோ லாம்டா என்னும் மூன்றாம் துகளும் பிணைந்திருந்தது. லாம்டா, ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான காலமே நிலைக்கும். அது சிதைந்ததால் எழுந்ததே இரண்டாம் சிதறல். லாம்டா அடங்கிய இத்தகைய அணுக்கருவை ஹைப்பர் அணுக்கரு என்பர். அதிலிருந்து லாம்டாவைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றலே அத்துகளின் பிணைப்பாற்றல். சிதறிய துகள்களின் சுவடுகளை அளந்து அதனைக் கணக்கிடலாம்.

1963இல் டானிஷும் உடன் ஆய்ந்தோரும் இரண்டு லாம்டாக்களைக் கொண்ட அணுக்கருவையும் அறிவித்தனர். இரு லாம்டாக்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் அளவை அறிய அது வழிவகுத்தது. இன்று முடுக்கிகளின் துணையால் ஹைப்பர் அணுக்கருக்களை ஆக்கி ஆராய்கின்றனர்.

டானிஷ் 1983ஆம் ஆண்டு மறைந்தார். கருவி குறைந்த இடத்திலும் கூர்ந்த நோக்கும் பொறுமையும் குறைவின்றி அமையின் அரியது கைகூடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

சிந்தித்து எழுதுக

1. இரு சிதறல்களைக் கண்டவுடன் டானிஷ் முடிவை வெளியிடாதது ஏன்?
2. ஹைப்பர் அணுக்கரு பிற அணுக்கருக்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
3. பிரித்து எழுதுக: பேராற்றல், பெரும்பொருள், அத்துண்டு.