மூன்றாம் வகுப்புப் படித்தவர் தலைநகருக்காக நின்ற கதை



சரித்திரமெல்லாம் படித்தவர்கள் சங்கதி, நமக்கு எதற்கு என்று தாசேக் கெலுகோர் வட்டாரத் தோட்டங்களில் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காக இந்த வாரம் ம. பொ. சிவஞானம் அவர்களின் வாழ்க்கையைச் சொல்கிறோம்.

1906 ஜூன் 26-ல் சென்னையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வறுமையினால் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. பிறகு அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக்களைக் கோர்க்கும் வேலை. பத்திரிகைக்காகக் கை எழுத்துக் கோர்க்க, கண் படித்துக்கொண்டே போனது. அதுதான் அவருடைய கல்லூரி.

சுதந்திரப் போரில் பலமுறை சிறை சென்றார். 1942-ல் சிறைக்குப் போனவருக்கு வயிற்று நோய் வந்து உடம்பு நொறுங்கியது. ஆனாலும் சிறையில் சிலப்பதிகாரத்தை ஊன்றிப் படித்தார். பின்னாளில் 'சிலம்புச் செல்வர்' ஆனார்.

வ.உ. சிதம்பரனாரைத் தெரியுமல்லவா? வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டவர். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்தவர். 1936-ல் வறுமையில் மறைந்த அவரை நாடு மறந்துகொண்டிருந்தது. ம.பொ.சி. தேடி எழுதினார். 1961-ல் சிவாஜி நடித்து வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்துக்கு அந்தப் புத்தகம்தான் அடிப்படை.

அவர் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தவரல்ல. சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். ஆனால் மாநகராட்சியின் சின்னத்தில் வில், புலி, மீன் மூன்றும் ஏறியதில் அவர் பங்கு பெரிது. ஆந்திர மாநிலம் பிரியும்போது சென்னை யாருக்கு என்ற சண்டை வந்தது. பழைய வரலாற்றை எடுத்துக்காட்டி ஊர் ஊராகப் பேசினார். மேயர் செங்கல்வராயன் காலத்தில் மன்றமும் தீர்மானம் போட்டது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் பிறந்தபோது சென்னை தமிழர் பக்கமே நின்றது. அவர் கேட்ட திருப்பதி கிடைக்கவில்லை; திருத்தணி 1960-ல் வந்து சேர்ந்தது. 1995 அக்டோபர் 3-ல் காலமானார்.

இது நமக்கெதற்கு? தோட்டம் கைமாறும்போது, இந்தக் கோயில் எப்போது கட்டியது, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு யார் மண் சுமந்தது என்று கேட்கிறார்கள். பதில் சொல்லக்கூடிய பாட்டியும் போயிட்டாங்கன்னா, நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பழைய சம்பளச் சீட்டு, கோயில் ரசீது எதையும் வீசாதீர்கள். மூன்றாம் வகுப்புப் படித்தவரால் முடிந்தது நம் பிள்ளைகளாலும் முடியும்.