யானைக்காலுக்கு மருந்து தந்த டாக்டர் சுப்பாராவ்

யானைக்கால் கண்டவர் கடைப்படி ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கம் நம்மவரில் சிலரிடம் இன்னும் இருக்கிறது. சாபம் என்பார்கள், பரம்பரை என்பார்கள், தொட்டால் ஒட்டும் என்பார்கள். மூன்றும் தவறு. அந்நோய்க்கு உலகமெங்கும் கொடுத்துவரும் மாத்திரை, சென்னையில் வைத்தியம் கற்ற ஒருவரின் தலைமையில் உண்டானது. அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடி, காசி யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்கப் புறப்பட்டார். தாயார் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவர் வியாபாரியாகியிருந்தால் நம் வர்க்கத்தில் ஒருவர் கூடியிருப்பார், உலகத்துக்குத்தான் நஷ்டம்! மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாம் முறைதான் தேறினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் சொற்கேட்டுக் கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப்பட்டம் கிடையாமல் சிறிய பட்டமே பெற்றார்.

சகோதரர் இருவரை அடுத்தடுத்து நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். மாமனார் திரட்டிய பணத்தோடும், ரங்கூனில் வியாபாரம் செய்து பொருளீட்டிய மல்லாடி சத்தியலிங்க நாயக்கரின் தர்ம நிதியை நம்பியும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பர்மாவில் ஈட்டிய காசு காக்கிநாடா வழியாகப் படிப்புக்குப் போனதை வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டும். கர்ப்பிணி மனைவியை விட்டுச் சென்றார், திரும்பி வரவேயில்லை. பிறந்த மகன் ஒன்பது மாதத்தில், தோல் சிவந்து வீங்கும் எரிசிபெலாஸ் என்னும் நோயால் இறந்தான். தந்தை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பாஸ்டன் நகரில் இரவு நேரங்களில் ஆஸ்பத்திரிக் கடைநிலை வேலை பார்த்துக்கொண்டே படித்தார். ஹார்வர்டில் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து, உடலின் தசைகளுக்குச் சக்தி தரும் பொருள்களைக் கண்டறிந்தார். 1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குச் சென்று ஆராய்ச்சித் தலைமையை ஏற்றார்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கச் சிப்பாய்கள் பலரை யானைக்கால் புழு பிடித்தது. அப்புழுவைக் கொசு கொண்டுவருகிறது. நம் உடலில் இரத்தக் குழாய் தவிர நிணநீர்க் குழாய் என்று ஒன்றுண்டு. சதையில் தேங்கும் நீரை வடித்து மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பது அதன் வேலை, ஊரின் கால்வாய் போல. புழு அதற்குள்ளேயே குடியிருக்கிறது. புழுவாலும், அது செத்து அழிவதாலும் அங்கே அழற்சி உண்டாகிறது. அழற்சியினால் குழாய் அகன்று தளர்கிறது. புதுக் குழாய்களும் முளைக்கின்றன. குழாய் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படியல்ல, முளைப்பவை பலமற்றவை, கசிகின்றன, உள்ளிருக்கும் தடுக்குகளும் சரியாக மூடுவதில்லை. நீர் தேங்குகிறது. தேங்கிய காலில் விரலிடுக்குப் புண் வழியாகக் கிருமி நுழைந்து காய்ச்சல் வருகிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் பருக்கிறது. அக்கிருமிகளில் முக்கியமானது, எரிசிபெலாஸை உண்டாக்கும் அதே இனந்தான்.

சுப்பாராவின் குழுவினர் 1947-ல் வெளியிட்ட ஹெட்ரஸான் மருந்து இரத்தத்திலுள்ள புழுக்குஞ்சுகளை அழித்தது. கொசுவுக்கு எடுத்துச்செல்லச் சரக்கில்லாமற் போயிற்று. ஆனால் முன்பே பருத்த காலை அது பழையபடி ஆக்காது.

ஆரியோமைசின் என்னும் மருந்தும் அவர் தலைமையின் கீழ் டக்கர் என்பவர் கண்டதே. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டாக்ஸிசைக்ளின், புழுவுக்குள் வாழும் நுண்கிருமியைக் கொல்கிறது. அழற்சியும், குழாயை வளரத் தூண்டும் பொருளும் அதனால் குறைந்ததாகக் கானா நாட்டு ஆராய்ச்சி ஒன்று 2006-ல் கூறியது. பிற்பாடு இந்தியாவிலும் மாலியிலும் சோதித்தபோது, மருந்து தின்றவரும் தின்னாதவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். இரு சாராரும் நாள்தோறும் காலைக் கழுவிப் பேணியவர்கள். சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். ஐவேளை ஒளுவில் விரலிடுக்கைக் கோதிக் கழுவும் நமக்கு, துடைப்பது ஒன்றுதான் கூடுதல் வேலை.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில், 53-ம் வயதில் உறக்கத்திலேயே இறந்தார். 1980-களில் காரைக்காலில் அவர் மருந்தை உப்பில் கலந்து கடைகள் மூலம் ஊர்முழுதும் கொடுத்து நோயைக் குறைத்தார்கள். மலாய்க்காரர் உந்துத் என்றழைக்கும் இந்நோய்க்காக, நம் மலேசிய அரசாங்கம் 2004 முதல் 2008 வரை நோயுள்ள வட்டாரங்களில் வருஷந்தோறும் இலவசமாகப் பங்கிட்ட இரு மாத்திரைகளில் ஒன்று அவருடையது.