ஆலயத்துக்குள் உளியால் பேசியவர்: கிரின்லிங் கிப்பன்ஸ்



ஆலயத்தில் உட்காரும்போது பீடத்தையும் ஞானஸ்நானத் தொட்டியையும் பார்க்கிறீர்கள். அவற்றைச் செய்த கைகளை நினைத்ததுண்டா?

கிரின்லிங் கிப்பன்ஸ் 1648இல் ஹாலந்தின் ராட்டர்டாம் நகரில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். வாலிபத்தில் இங்கிலாந்துக்கு வந்தார். 1671 ஜனவரியில் ஒருநாள், லண்டனை அடுத்த டெப்ட்ஃபர்டில் ஜான் ஈவ்லின் என்பவர் நடந்துபோகையில், வெளியில் தனித்து நின்ற ஓர் ஏழைக் குடிசையின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். உள்ளே 22 வயது கிப்பன்ஸ், இயேசு சிலுவையில் தொங்கும் காட்சியை மரத்தில் செதுக்கிக்கொண்டிருந்தார். இடையூறின்றி வேலைசெய்யவே அந்த ஒதுக்குப்புறத்தில் தங்கியிருந்தார்.

ஈவ்லின் அவரை இரண்டாம் சார்ல்ஸ் மன்னரிடம் அழைத்துப்போனார். மன்னர் வியந்தார், ஆனால் அரண்மனையில் அந்தச் சிற்பத்தை வாங்கவில்லை. கிப்பன்ஸ் ஏமாற்றத்தோடு திரும்பினார். ஆனாலும் உளியைக் கீழே வைக்கவில்லை.

1684இல் லண்டன் பிக்காடில்லியில் புனித யாக்கோபு ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கட்டடத்தை வடிவமைத்தவர் கிறிஸ்டோபர் ரென். பீடத்தின் பின்புறத்தை அலங்கரித்தவர் கிப்பன்ஸ். லைம் என்ற மரத்தில் பூக்களையும் கனிகளையும் செதுக்கினார். (பிள்ளைகளே, இது நம் எலுமிச்சை அல்ல, வெளிர் நிறமான, மென்மையான வேறொரு மரம்!) நடுவில், தன் இரத்தத்தால் குஞ்சுகளைப் போஷிக்கும் கூழைக்கடாப் பறவை. நமக்காக இரத்தம் சிந்திய இயேசுவுக்கு அது அடையாளம்.

அங்குள்ள வெண்பளிங்கு ஞானஸ்நானத் தொட்டியும் அவர் பெயரைச் சொல்வதே. அதன் தண்டு ஒரு மரம். இருபுறமும் ஆதாமும் ஏவாளும், மரத்தில் சுற்றிய சர்ப்பமும். மேலே கிண்ணத்தில் நோவாவின் பேழை, இயேசுவின் ஞானஸ்நானம், பிலிப்பு எத்தியோப்பிய மந்திரிக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் காட்சி. கீழே மனிதன் விழுந்த கதை, மேலே தேவன் மீட்ட கதை! எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது பிரசங்கம். 1757இல் குழந்தை வில்லியம் பிளேக், பின்னாளில் பெருங்கவிஞர், இத்தொட்டியில்தான் ஞானஸ்நானம் பெற்றார்.

புனித பவுல் பேராலயத்தின் பாடகர் இருக்கைகளிலும் கிப்பன்ஸின் கைவண்ணம் உண்டு. வாங்க மறுத்த அதே அரண்மனை, பிற்காலத்தில் அவரை அரச சிற்பியாக்கியது. 1721இல் மரித்தார்.

1940 அக்டோபரில் குண்டுவீச்சில் புனித யாக்கோபு ஆலயம் பெருஞ்சேதம் அடைந்தது. கிப்பன்ஸின் மரப்பூக்களும் பளிங்குத் தொட்டியும் தப்பின. சபை ஆலயத்தைச் சீர்படுத்தி, மீண்டும் அவற்றைச் சுற்றிக் கூடியது.

பிள்ளைகளே, வருகிற ஞாயிறு நம் ஆலயத்தின் பெஞ்சைத் தடவிப் பாருங்கள். அதைச் செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலும், அவருக்காக ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். உங்கள் கைகளுக்கும் கர்த்தர் ஒரு வேலை வைத்திருக்கிறார்.