'நல்ல கொலஸ்ட்ரால்' தெரியும்... ஜான் காஃப்மன் தெரியுமா?

லேப் ரிப்போர்ட்டில் ஹெச்டிஎல் 40-க்குக் கீழே இருந்தால் உடனே பதறிடுறோம். அதைக் கூட்ட என்ன சாப்பிடலாம் என்று தேடுகிறோம். ரத்தத்தில் ஓடும் கொழுப்பைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிய ஜான் காஃப்மனின் கதை, அந்த எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள உதவும்.

அணு ஆய்வாளர் டாக்டரானார்

1918-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் பிறந்தவர் காஃப்மன். படித்தது வேதியியல். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்துக்காக புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்தார். பிறகு மருத்துவம் படித்து, 1946-ல் டாக்டரானார்.

சுழற்றியதும் பிரிந்தது

கொழுப்பு தண்ணீரில் கரையாது. புரதத்தோடு சேர்ந்து துகளாகத்தான் ரத்தத்தில் பயணிக்கும். பெர்க்லியில் காஃப்மன் குழு ரத்தச் சீரத்தில் உப்பு சேர்த்து, அதிவேக சென்ட்ரிஃபியூஜ் கருவியில் சுழற்றியது. கொழுப்பு அதிகமுள்ள லேசான துகள்கள் மிதந்து மேலே வந்தன. எல்டிஎல் அந்த ரகம். புரதம் அதிகமுள்ள கனமான துகள்கள்தான் ஹெச்டிஎல்.

மாரடைப்பு வந்தவர்களிடம் சில லேசான துகள்கள் அதிகம் இருப்பதாக 1950-ல் அறிவித்தார். எல்லோரும் ஏற்கவில்லை. நான்கு ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தன. மொத்தக் கொலஸ்ட்ரால் டெஸ்ட்டே போதும் என்றது ஒரு தரப்பு. காஃப்மன் தரப்பு மறுத்தது. 1956 அறிக்கையில் இரண்டு முடிவுகளும் தனித்தனியாக வெளிவந்தன!

அவர் விடவில்லை. லிவர்மோர் ஆய்வக ஊழியர்களின் ரத்தத்தைப் பரிசோதித்து, அவர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார். பின்னாளில் இதய நோய் வந்தவர்களுக்கு ஹெச்டிஎல் முன்பே குறைவாக இருந்ததை 1966-ல் வெளியிட்டார். அப்போது அது பெரிதாகப் பேசப்படவில்லை. 1977-ல் ஃப்ராமிங்ஹாம் ஆய்வும் அதையே சொன்ன பிறகுதான் ஹெச்டிஎல் பிரபலமானது.

அதற்குள் அவர் வேறொரு போராட்டத்தில் இருந்தார். குறைந்த கதிர்வீச்சும் புற்றுநோய் தரும் என்று 1969-ல் எச்சரித்து, அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் கோபத்துக்கு ஆளானார்.

மாத்திரையால் கூட்டினால்?

ஹெச்டிஎல்லை நன்றாகவே ஏற்றிய டார்செட்ரபிப் மருந்தின் சோதனை 2006-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. அதை எடுத்தவர்களிடம் மரணங்கள் அதிகமாக இருந்தன. ஸ்டாட்டினோடு நியாசின் சேர்த்த 2011 சோதனையிலும் கூடுதல் பலன் இல்லை. 2007-ல், 88 வயதில் காஃப்மன் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

ஹெச்டிஎல் குறைவு என்பது ஓர் எச்சரிக்கை. அந்த எண்ணை மட்டும் ஏற்றுவது சிகிச்சை ஆகாது. எல்டிஎல், பிபி, சுகர் கட்டுக்குள் இருக்கணும், சிகரெட்டை விடணும், தினமும் நடக்கணும். ரிப்போர்ட்டில் ஒரு வரியை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகிவிடவும் வேண்டாம். முழுசாக டாக்டரிடம் காட்டுங்க.