சிற்றுயிரில் ஒரு பெருந்தேடல்

நுழையும்முன்

கொல்லிமலைக்கு வளம் சேர்ப்பவை பலாவும் வாழையும். அம்மலை நாடுகளுள் ஒன்றான திருப்புலி நாட்டில் பலா பழுத்து வெடிக்கும் காலத்தில், அதன் மணத்தை நாடிப் பழப்பூச்சிகள் வந்து மொய்க்கின்றன. எள்ளளவே உடைய அவ்வுயிருக்கு, மணம் வரும் திசையை அறியக் கற்றுக்கொடுத்தவர் யார்? அதன் மூளைக்குள் நரம்பிழைகளை உரிய இடத்தில் இணைத்தது எது? இவ்வினாக்களுக்கு விடை தேடும் துறையை இந்திய மண்ணில் வேரூன்றச் செய்தவர் ஒபைத் சித்திக்கி.

ஆலங்கட்டி மழையும் அறிவியல் பாதையும்

ஒபைத் சித்திக்கி உத்தரப்பிரதேச மாநிலத்தின் பஸ்தி மாவட்டத்தில் 1932ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் பிறந்தார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், தாவரவியலில் ஈடுபாடு கொண்டு தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் கோதுமைப் பயிரை ஆராயத் தொடங்கினார். ஆலங்கட்டி மழை அவருடைய ஆய்வுப் பயிரை அழித்தது. உழைப்பு வீணானதே என்று அவர் ஓய்ந்துவிடவில்லை. கடல் கடந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற்குச் சென்று, மரபியல் அறிஞர் கைடோ பான்டிகார்வோவின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார்.

அங்கிருந்து அமெரிக்கா சென்றவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆலன் கேரனுடன் இணைந்து பாக்டீரியாக்களை ஆராய்ந்தார். புரத உருவாக்கத்தை இடையிலேயே நிறுத்திவிடும் சடுதிமாற்றங்களின் விளைவை மாற்றவல்ல மரபணுக்களை இருவரும் கண்டறிந்தனர். மரபுக் குறியீட்டில் நிறுத்தக் குறிகள் உண்டு என்னும் உண்மை தெளிவுபெற இவ்வாய்வு துணைநின்றது.

மும்பைக்கு ஓர் அழைப்பு

இந்திய அணு அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் ஹோமி பாபா, மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவு ஒன்றை நிறுவ விரும்பினார். அப்பொறுப்பை ஏற்க 1962ஆம் ஆண்டில் முப்பது வயது இளைஞரான சித்திக்கியை அழைத்தார். இயற்பியலும் கணிதமும் கோலோச்சிய இடத்தில் உயிரியலுக்கு ஓர் இருக்கை கிடைத்தது. பாக்டீரியா மரபியலில் அவர் பெயர் அறிஞர்களிடையே நிலைபெற்றது.

அந்நிலையில்தான் அவர் துணிவான முடிவொன்றை எடுத்தார். புகழ் தந்த துறையை விட்டு, நாற்பது வயதை ஒட்டிய பருவத்தில், நரம்பு மண்டலத்தின் மரபியலைக் கற்கும் மாணவராக மாறினார். அதற்கு அவர் தேர்ந்த உயிர் பழப்பூச்சி. சில நாள்களில் தலைமுறை மாறும் இவ்வுயிரை ஆயிரக்கணக்கில் குப்பிகளில் வளர்க்கலாம். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. பழப்பூச்சியின் மூளையிலோ ஏறத்தாழ 1,40,000 மட்டுமே. ஒரு மரபணு பழுதுபட்டால் எந்த நடத்தை மாறுகிறது என்று பார்த்தால், அந்த மரபணுவின் பணி புலப்படும் என்பதே இவ்வாய்வின் அடிப்படை.

விழுந்தெழுந்த பூச்சிகள்

கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சைமூர் பென்சருடன் சித்திக்கி பணியாற்றினார். வெப்பம் மிகும்போது செயலிழந்து விழுந்து, வெப்பம் தணிந்ததும் எழுந்து நடக்கும் சடுதிமாற்றப் பூச்சிகளின் நரம்புகளில் மின் துடிப்புகளை இருவரும் அளந்தனர். அம்முடிவுகள் 1976இல் வெளிவந்தன. அவர்கள் ஆராய்ந்த மரபணுக்களுள் ஒன்று, நரம்பின் மின் துடிப்புக்கு வாயிலாகும் சோடியம் கால்வாயை உருவாக்குவது எனப் பின்னாளில் தெரியவந்தது.

மும்பை திரும்பிய சித்திக்கியிடம், கென்யாவில் வளர்ந்த வெரோனிகா ரோட்ரிக்ஸ் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். சுவையும் மணமும் அறியாத சடுதிமாற்றப் பூச்சிகளை இருவரும் பிரித்தெடுத்தனர். உணர்கொம்பிலிருந்து வரும் நரம்பிழைகள் மூளையில் தனித்தனி முடிச்சுகளில் சென்று சேர்கின்றன. வெவ்வேறு மணங்கள் வெவ்வேறு முடிச்சுகளைத் தூண்டுகின்றன என்பதை ரோட்ரிக்ஸ் பின்னர் காட்டினார். ஆசிரியர் தொடங்கிய வினா மாணவியின் கையில் வளர்ந்து, நரம்பிழைகள் தத்தம் இடத்தை எவ்வாறு அடைகின்றன என்னும் வினாவாக விரிந்தது.

ஏற்பி என்னும் காது

இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி செல்சவ்வில் உள்ளது. அங்குப் பதிந்துள்ள ஏற்பி என்னும் புரதம், வெளியிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணியைப் பற்றிக்கொண்டு, அச்செய்தியைச் செல்லின் உள்ளே அனுப்புகிறது. பழப்பூச்சியின் கூட்டுக்கண்ணில் ஒவ்வொரு சிறுகண்ணிலும் எட்டு ஒளி உணர் செல்கள் உண்டு. ஏழாம் செல் மட்டும் இல்லாத பூச்சிகள் பென்சரின் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டன. அவற்றில் பழுதுபட்டிருந்தது இத்தகைய ஏற்பியை உருவாக்கும் மரபணுவே என்று 1980களில் தெரிந்தது. செய்தி எட்டாததால் ஏழாம் செல், நரம்பணுவாக வளராமல் வேறொரு செல்லாக மாறிவிடுகிறது.

வளரும் மூளையிலும் இத்தகைய செய்தி தேவைப்படுகிறது. நரம்பிழை முதலில் மிகுதியாகக் கிளைக்கிறது. பின்னர் வேண்டாத கிளைகள் உதிர்கின்றன. மேல்தோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பி எல்லாக் கிளைகளிலும் ஒரே அளவில் அமைவதில்லை. அந்த ஏற்றத்தாழ்வே நுனிகளை நீளவும் சுருங்கவும் செய்து, இறுதிக் கிளையமைப்பை வரையறுக்கிறது. ஏற்பியின் செயல் குறைந்தாலும் மிகுந்தாலும் அவ்வேறுபாடு அழிந்து, அளவுக்கு மீறிய கிளைகள் தங்கிவிடுகின்றன. மனித உடலில் இதே ஏற்பி கட்டுமீறிச் செயல்படுவது சிலவகைப் புற்றுநோய்களுக்குக் காரணமாகிறது. அதைத் தடுக்கும் மருந்துகள் இன்று பயன்பாட்டில் உள்ளன. பூச்சியின் மூளையைப் படிப்பது மனிதரைப் படிப்பதும் ஆகும்.

நிறுவனமும் நிறைவும்

1990களின் தொடக்கத்தில் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் உருவானது. சித்திக்கி அதன் முதல் இயக்குநரானார். கோதுமை வயலில் ஆய்வைத் தொடங்கியவர் உருவாக்கிய மையம், வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே எழுந்தது. இளம் ஆய்வாளர்கள் தம் வினாவைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை அவர் போற்றினார். சரோத் இசையில் தோய்ந்த மனம் அவருடையது. இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினர் தகுதியும் (1984), பத்ம விபூஷண் விருதும் (2006) அவரைத் தேடி வந்தன. பொறுப்புகளிலிருந்து விலகிய பின்னும் அவர் ஆய்வகத்தை விட்டு விலகவில்லை.

சாலை விபத்தில் காயமுற்ற அவர், 2013ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் மறைந்தார். மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பியின் ஏற்றத்தாழ்வு நரம்பிழையின் கிளைகளை வடிவமைக்கிறது என்னும் முடிவை ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்டது அதற்கு அடுத்த ஆண்டில். அதைக் காண அவர் இல்லை. எனினும், பழப்பூச்சியின் நரம்புகளில் அவர் தொடங்கிய தேடலை அவர்தம் மாணவர்களும், அம்மாணவர்களின் மாணவர்களும் இந்திய ஆய்வகங்களில் தொடர்ந்து வருகின்றனர்.