ஓர் அஞ்சலட்டையும் ஈராண்டு விடுப்பும்: அறிவியலறிஞர் சத்தியேந்திரநாத் போஸ்

கல்விக்கூடங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கட்டடங்களையும் தேர்ச்சி விழுக்காட்டையும் எண்ணிக் காட்டுவர். அலுவலகக் கோப்புகளில் உறங்கும் பணியமர்த்த ஆணைகளையும் விடுப்பு ஆணைகளையும் புரட்டிப் பார்ப்போர் சிலரே. எனினும், ஒரு நிறுவனம் யாரைப் பணியில் அமர்த்தியது, யாருக்கு எப்போது விடுப்பு அளித்தது என்பவற்றிலேயே அதன் அறிவும் உள்ளமும் வெளிப்படுகின்றன. இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள நாம் சத்தியேந்திரநாத் போசின் வாழ்வை நோக்குவோம்.

1894ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கல்கத்தாவில் பிறந்தவர் போஸ். இவருடைய தந்தையார் இருப்புப்பாதைத் துறையின் பொறியியல் பிரிவில் பணியாற்றியவர். 1915ஆம் ஆண்டு முதுகலைக் கணிதத் தேர்வில் போஸ் முதலிடம் பெற்றார். இரண்டாமிடம் பெற்றவர் பின்னாளில் புகழ்பெற்ற மேகநாத் சாகா. சர் அசுதோஷ் முகர்ஜி கல்கத்தாவில் தோற்றுவித்த பல்கலைக்கழக அறிவியல் கல்லூரி இவ்விருவரையும் இளம் வயதிலேயே ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டது. சார்பியல் பற்றிய ஐன்ஸ்டைனின் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1920இல் இருவரும் நூலாக வெளிவரச் செய்தனர்.

அடுத்த ஆண்டே டாக்காவில் புதிய பல்கலைக்கழகம் எழுந்தது. 1911இல் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டபோது கிழக்கு வங்க முஸ்லிம்கள் மனம் வருந்தினர். நவாப் சலீமுல்லா முதலிய தலைவர்கள் அரசப் பிரதிநிதியைக் கண்டு முறையிட்டதன் பின், 1912இல் பல்கலைக்கழகம் வாக்களிக்கப்பட்டது. அது 1921 ஜூலை முதல் நாள் திறக்கப்பட்டது. முதல் துணைவேந்தர் பிலிப் ஹார்ட்டாக் திறமைமிக்க ஆசிரியர்களைத் தேடித் திரட்டினார். அவ்வாறு இயற்பியல் துறையில் ரீடராக அமர்த்தப்பட்டவருள் ஒருவரே இருபத்தேழு வயதினரான போஸ்.

அங்கு மாணவர்க்குப் பாடம் சொல்லும்போது, பிளாங்கின் கதிர்வீச்சு விதி வருவிக்கப்பட்ட முறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஒளித்துகள்கள் ஒன்றினின்று ஒன்று வேறுபடுத்த இயலாதவை எனக் கொண்டு புதியதொரு முறையில் எண்ணி, அவ்விதியைத் தாமே நிறுவினார். இங்கிலாந்து இதழொன்றுக்கு அனுப்பிய அக்கட்டுரை அங்கு வெளிவரவில்லை. மனந்தளராத போஸ் 1924 ஜூன் 4ஆம் நாள் அதனை நேரே ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். முன்பின் அறியாத ஓர் இளைஞரின் கட்டுரையைப் படித்த அப்பேரறிஞர், தம் கையாலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்து அவ்வாண்டே வெளியிடச் செய்தார்.

இவ்விடத்தில்தான் விடுப்புக் கோப்பு நம் கவனத்துக்கு வருகிறது. மேல்நாடு சென்று பயில ஈராண்டு விடுப்பு வேண்டி போஸ் முன்னரே விண்ணப்பித்திருந்தார். திங்கள் பல கடந்தும் முடிவு எட்டப்படவில்லை. பல்கலைக்கழகமோ புதியது; ஆசிரியர் எண்ணிக்கையோ சிறியது; ஒருவரை ஈராண்டு இழப்பதென்பது எளிதன்று. நிர்வாகத்தின் தயக்கத்தை நாம் முற்றும் குறை கூறுதல் தகாது. இந்நிலையில் ஐன்ஸ்டைனின் பாராட்டைத் தாங்கிய அஞ்சலட்டை வந்து சேர்ந்தது. அதனைக் கண்ட பின் விடுப்பு விரைந்து வழங்கப்பட்டது. பயணச் செலவுக்கும் குடும்பத்துக்கும் வழிசெய்யப்பட்டது.

1924 அக்டோபரில் பாரிஸ் சேர்ந்த போஸ், லான்ஜவென், மேரி கியூரி ஆகியோரைச் சந்தித்தார்; மோரிஸ் டி பிராய் அவர்களின் ஆய்வகத்தில் எக்ஸ்-கதிர் ஆய்வு முறைகளைக் கற்றார். மறு ஆண்டு பெர்லின் சென்று ஐன்ஸ்டைனைக் கண்டார். எனினும், அவ்விரண்டு ஆண்டுகளில் பெரும்புகழ் தரும் கட்டுரை எதனையும் அவர் எழுதி முடிக்கவில்லை.

1926இல் திரும்பியபோது மற்றொரு சோதனை காத்திருந்தது. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்த அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. நண்பர்களின் அறிவுரைப்படி ஐன்ஸ்டைனின் பரிந்துரையையும் பெற்றார். இருந்தும் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தேவேந்திர மோகன் போஸ். அவர் அப்பதவியை ஏற்காமையால், 1927இல் சத்தியேந்திரநாத் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் ஆனார். உலகம் போற்றிய கண்டுபிடிப்பைச் செய்தவர்க்கும் பதவி இரண்டாம் வாய்ப்பாகவே கிட்டியது என்பது சிந்திக்கத்தக்கது.

அந்த விடுப்பால் பல்கலைக்கழகம் அடைந்த பயன் யாது? கட்டுரைகளை மட்டும் எண்ணுவோர் இழப்பு என்றே கணக்கெழுதக்கூடும். நாமோ அதன்பின் வந்த 19 ஆண்டுகளைப் பார்க்கிறோம். அயல்நாட்டில் கற்ற எக்ஸ்-கதிர் ஆய்வை டாக்காவில் வேரூன்றச் செய்தார். நம் தமிழ்நாட்டு வத்திராயிருப்பில் பிறந்து, 1928இல் இராமன் விளைவின் கண்டுபிடிப்பில் பங்கேற்ற கே. எஸ். கிருஷ்ணன், அவ்வாண்டின் இறுதியில் இத்துறையில் ரீடராகச் சேர்ந்து, 1933 வரை படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். தம் துறையைச் சார்ந்த காஜி மோத்தாஹர் உசேனைப் புள்ளியியல் கற்கக் கல்கத்தா செல்லுமாறு ஊக்கியவரும் போசே. அவ்வாறு கற்று வந்தவரே பின்னாளில் டாக்காவில் புள்ளியியல் துறையைத் தோற்றுவித்தார். தாம் பெற்ற விடுப்பின் அருமையை உணர்ந்தவர், பிறர் கற்கச் செல்வதற்கும் துணைநின்றார்.

1945இல் கல்கத்தா திரும்பிய போஸ், தாய்மொழியில் அறிவியலைப் பரப்ப 1948இல் வங்க அறிவியல் மன்றத்தை நிறுவினார். தமிழ்த்துறை சார்ந்த நாம் சிறப்பாக நினைக்கவேண்டிய செயல் இது. 1974 பிப்ரவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். இயற்கையின் துகள்களில் ஒரு பெரும் பிரிவு போசான் என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் எண்ணும் முறையின் விரிவாக ஐன்ஸ்டைன் முன்னுரைத்த பொருள்நிலை 1995இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. அதற்கு 2001இல் நோபல் பரிசும் கிட்டியது.

பேரறிஞரின் அஞ்சலட்டை எல்லா ஆசிரியர்க்கும் வருவதில்லை. அத்தகைய சான்று வாராதவர்களின் விண்ணப்பங்களும் மேசைமேல் காத்திருக்கின்றன. பட்டத்தோடு பணியையும் எடைபோட்டு ஆசிரியரை அமர்த்துவதும், கற்கச் செல்வோர்க்கு மனமுவந்து விடைகொடுப்பதும் நிர்வாகப் பெருமக்களின் கடன். சென்றவர் திரும்பிவந்து, பெற்றதைத் தம் மாணவர்க்கு வழங்குவது ஆசிரியரின் கடன். இவ்விரு கடன்களும் ஒருசேர நிறைவேறும் இடத்திலேயே கல்வி தழைக்கும் என்பதைப் போசின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.